உங்களுக்குத் தெரியுமா? வலிக்காமலே கெடும் உறுப்புகள்

பரளச்சிப் பக்கம் யாரைக் கேட்டாலும் மழை எப்போது பெய்தது, கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, பருத்தி என்ன விலை போகிறது என்று மளமளவென்று சொல்லிவிடுவார்கள். உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் வெயிலில் உழைக்கிற உடம்புக்குள் என்ன நடக்கிறது, எது எப்படிப் பழுதாகிறது, அதற்கு மருத்துவம் என்ன செய்கிறது? இதோ சில துணுக்குகள்.

180 லிட்டர் வேலை
நம் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதையே திரும்பத் திரும்ப வடிகட்டி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரைப் பிரித்தெடுக்கின்றன சிறுநீரகங்கள். பிரித்ததில் பெரும்பகுதியை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. மிஞ்சும் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. ஒரு சிறுநீரகத்தின் எடை சுமார் 150 கிராம். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டுக்குத்தான் போகிறது.

பாதி போனாலும் தெரியாது
ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. கெட்டவை மறுபடி முளைப்பதில்லை. மிச்சமுள்ளவை கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்ளும். அதனால் வேலைத்திறனில் பாதி போன பிறகுகூட வலி இருக்காது. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் அதுவரை சரியாகவே காட்டக்கூடும். கால் வீக்கம், முக வீக்கம், பசியின்மை, மூச்சு வாங்குதல் எல்லாம் கடைசிக் கட்டத்தில்தான் வரும்.

முதல் துப்பு சிறுநீரில்
கிரியேட்டினின் ஏறும் முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு காகிதப் பட்டை போதும். சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறிக் காட்டிவிடும். சிறுநீரகம் செயலிழக்க முதல் இரண்டு காரணங்கள் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும். இந்த இரண்டில் ஒன்று இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

ரத்தசோகை எங்கிருந்து வந்தது?
சிறுநீரகம் கழிவை நீக்குவதோடு நிற்பதில்லை. ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இங்குதான் சுரக்கிறது. வைட்டமின் டி உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுவதும் இங்கேதான். அதனால்தான் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் சேர்ந்தே வருகின்றன. அவர்களுக்கு வெறும் சத்து மாத்திரை போதாது, அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடுவார்கள்.

அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ.வின் சிறுநீரகம்
1977 தேர்தலில் எம்.ஜி.ஆர். வென்று முதலமைச்சரான தொகுதி அருப்புக்கோட்டை. 1984 அக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்து சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். பிறகு அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அந்த ஆண்டு டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் அவருடைய அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. மருத்துவமனையில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார் எம்.ஜி.ஆர். மாற்றுச் சிறுநீரகத்தோடு மூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார்.

வேலூர் முந்திக்கொண்டது
இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது 1971-ல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். உலகில் முதலில் வென்றது 1954 டிசம்பர் 23 அன்று, பாஸ்டனில். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர்கள். அதனால் பெற்றவரின் உடம்பு புதுச் சிறுநீரகத்தை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கவில்லை. அதைச் செய்த ஜோசப் மரே 1990-ல் நோபல் பரிசு பெற்றார்.

மூன்று சிறுநீரகத்தோடு ஒருவர்
மாற்று சிகிச்சையில் கெட்டுப்போன பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, அப்படியே விட்டுவிடுவார்கள். புதியதை அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உட்புறம் வைத்து அங்குள்ள ரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள். கொடுத்தவர் மிச்சமுள்ள ஒன்றோடு இயல்பாக வாழலாம். பெற்றவரோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை, அந்தச் சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுவதும் ஒரு வேளை விடாமல் சாப்பிட வேண்டும்.

டயாலிசிஸ் பிறந்த கதை
இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், 1943-ல், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் முதல் டயாலிசிஸ் எந்திரத்தைச் செய்தார். மாமிசக் கடைகளில் இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோஃபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டு, உப்புக் கரைசலில் சுழற்றினார். முதலில் சிகிச்சை பெற்றவர்கள் பிழைக்கவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்து எழுந்தார்.

அந்தக் கையைத் தொடாதீர்கள்
டயாலிசிஸ் செய்துகொள்பவர் கையில் புடைத்திருக்கும் ரத்தக் குழாயைத் தொட்டால் விர்ரென்று அதிரும். தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த 'ஃபிஸ்டுலா' அது. 1966-ல் நியூயார்க் மருத்துவர்கள் அறிமுகப்படுத்திய முறை. வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம் நடக்கும் டயாலிசிஸுக்கு ஊசி ஏற்ற அந்த இடம்தான் வழி. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அதிர்வு நின்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே டயாலிசிஸ்
வயிற்றுக்குள் குடலைச் சுற்றியுள்ள சவ்வே ஒரு வடிகட்டி. மெல்லிய குழாய் வழியே அங்கே திரவத்தைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வெளியேற்றினால் கழிவும் சேர்ந்து வந்துவிடும். எந்திரம் தேவையில்லை, சுத்தம்தான் முக்கியம். இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்ந்ததுதான்.

இளநீர் எல்லாருக்கும் நல்லதல்ல
வெயில் காலத்தில் வரப்பிரசாதமான இளநீர், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஆபத்து. அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும், நின்றும் போகலாம். வாழைப்பழம், பழச்சாறு, 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பு ஆகியவற்றிலும் அதே கவனம் வேண்டும். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியத்தைத்தான்.

கல்லடைப்பும் கரிசல் வெயிலும்
வியர்வை அதிகமாகி சிறுநீர் குறைந்தால் அதிலுள்ள உப்புகள் படிந்து கல்லாகும். மிகுதியாக உருவாவது கால்சியம் ஆக்சலேட் கல். 'கால்சியம்தானே கல்லாகிறது' என்று பாலையும் மோரையும் நிறுத்துவது தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும். குறைக்க வேண்டியது உப்பை. கூட்ட வேண்டியது தண்ணீரை, அதுவும் நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும் அளவுக்கு. உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைக்கும் முறை 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கியது.

நிறம் பாருங்கள்
வெயிலில் பருத்தி எடுப்பவர், மிளகாய்ப் பழம் பறிப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் எல்லாரும் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளக்கூடிய சோதனை இது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் உடம்பில் தண்ணீர் போதும். அடர்ந்த மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் போதவில்லை. ஒதுங்க மறைவிடம் இல்லையே என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது நீர்க்கடுப்புக்கும் கல்லுக்கும் நேர்வழி.

வலி மாத்திரை என்ற வம்பு
மூட்டுவலிக்கும் உடம்புவலிக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுருக்கிவிடும். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இந்த மாத்திரையும் சேர்ந்தால் நல்ல சிறுநீரகமே திடீரென நின்றுபோகலாம். நாள் முழுக்க வெயிலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒரு வலி மாத்திரை போட்டுப் படுப்பது நம் ஊர்ப் பழக்கம். மாற்ற வேண்டிய பழக்கங்களில் முதல் பழக்கம் அதுதான்.

சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை
இலங்கையின் வட மத்திய மாகாணமும் நம்மூர் போலக் காய்ந்த பூமி. அங்கே அனுராதபுரம், மதவாச்சிப் பக்கத்து நெல் விவசாயிகளிடம் 1990-களில் ஒரு புதுவகைச் சிறுநீரக நோய் தென்பட்டது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, ஆனால் சிறுநீரகம் சுருங்கிப் போகிறது. வெயில், நிலத்தடி நீர், பூச்சிமருந்து எனப் பல பக்கமும் சந்தேகம் இருக்கிறது. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே கதை. 2021-ல் இலங்கையின் பொலன்னறுவையில் சீன உதவியோடு சிறுநீரக நோய்க்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது.

விரியன் கடித்தால் சிறுநீரகம்
கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும், சிறுநீரகத்தையும் நிறுத்திவிடும். இதற்குப் பெரிய கருவி இல்லாமலே ஒரு சோதனை உண்டு. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு விஷமுறிவு மருந்தைத் தொடங்குவார்கள். கயிறு கட்டி இறுக்குவது, கீறிவிடுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, மந்திரிக்கப் போவது எல்லாமே நேரக் கேடு. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுவதே சரி.

குதிரை தரும் மருந்து
நம் நாட்டு விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிரானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். மூலப்பொருளான விஷத்தைப் பெருமளவு தருபவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்திவரும் இருளர் மக்கள். 2024 நவம்பர் முதல் தமிழகத்தில் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது.

கீழாநெல்லிக்கு வந்த சோதனை
மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நாம் அறிந்த வைத்தியம். சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன், காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பாரூக் பிளம்பெர்க் முதலானோர் அதை நோயாளிகளிடம் சோதித்து, 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்த வெற்றி கிட்டவில்லை. ஹெபடைடிஸ்-பி வராமல் தடுக்க உறுதியான வழி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி.

வெட்டினாலும் வளரும்
உடம்பின் உள்ளுறுப்புகளில் வெட்டி எடுத்த பிறகும் வளர்ந்து பழைய அளவை எட்டுவது கல்லீரல். அதனால்தான் உயிரோடிருப்பவர் ஒரு பகுதியைத் தானம் செய்ய முடிகிறது. சில மாதங்களில் கொடுத்தவரிடமும் பெற்றவரிடமும் அது வளர்ந்துவிடும். இந்தியாவில் முதன்முதலாக வெற்றிபெற்ற கல்லீரல் மாற்று சிகிச்சை 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோவில் நடந்தது. பெற்றது இரண்டு வயதுகூட நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தை, கொடுத்தவர் அதன் தந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது மருத்துவராகிவிட்டது.

லீவு முடிந்த நாள் நெஞ்சடைப்பு
அருப்புக்கோட்டை நூற்பாலைகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. வார விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுகி மூச்சு முட்டினால், பஞ்சுத் தூசியால் வரும் 'பிசினோசிஸ்' நோயாக இருக்கலாம். தொடக்கத்தில் அடுத்த நாளே சரியாகிவிடும். ஆண்டுகள் போகப் போக எல்லா நாளும் தொடரும், நுரையீரல் திரும்பாத அளவுக்குக் கெடும். இது இழப்பீடு கேட்க உரிமையுள்ள தொழில்நோய் என்று சட்டமே சொல்கிறது.

கரிமூட்டத்துப் புகை
சீமைக்கருவேலத்தை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் கனியவிடும் மூட்டத்திலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த வேறுபாட்டை அறியாமல் '98' என்று நன்றாகவே காட்டும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்றால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிட வேண்டும். சிகிச்சை, முகமூடி வழியே தரும் முழு ஆக்சிஜன்.

கண்ணில் முள்
கருவேல முள்ளோ சோளத் தோகையோ கண்ணில் கீறினால், கருவிழியில் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு அதிகம். தென் தமிழகத்தில் கருவிழிப் புண்ணுக்குப் பெரிய காரணம் அதுதான். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஊற்றுவது புண்ணைப் பெருக்கும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பூஞ்சையை இன்னும் வேகமாக வளர்க்கும். பூஞ்சைக்கு நாட்டாமைசின் என்ற தனி மருந்து இருக்கிறது.

கரிசல் காட்டு மருத்துவர்
எட்டயபுரம் பக்கத்து அயன்வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் 1918-ல் பிறந்தவர் ஜி. வெங்கடசாமி. மூட்டு வாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சம் பேருக்குக் கண் அறுவை செய்தார். ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரைக்கு உள்ளே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து விலை எட்டாமல் இருந்தபோது, 1992-ல் மதுரையிலேயே தயாரிக்க ஏற்பாடு செய்து அதன் விலையைப் பல மடங்கு குறைத்தது அந்த நிறுவனம்.

வாயு அல்ல
இதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதன் தசைக்கே ரத்தம் தரும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. 'வாயுதான், சோடா குடிச்சாச் சரியாப் போகும்' என்று கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். மாரடைப்பென்று தெரிந்தால் உடனே தரவேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. முதலில் அங்கே, பிறகு மதுரை.

நாலரை மணி நேரம்
வாய் கோணுகிறதா, ஒரு கை தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா? பக்கவாதம். மூளைக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். புறா ரத்தம் தேய்க்கப் போனால் அந்த நேரம் போய்விடும்.

திருச்சுழியின் பிள்ளை
1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷிக்கு 1948-ல் இடக்கையில் கட்டி வந்தது. தசை, நார்த்திசு போன்றவற்றில் தோன்றும் 'சார்கோமா' வகைப் புற்றுநோய் அது. பலமுறை அறுவை செய்தும் மறுபடி மறுபடி வளர்ந்தது. கையை எடுத்துவிடலாம் என்ற மருத்துவர்களின் யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

எது எத்தனை மணி நேரம்?
உடம்பிலிருந்து எடுத்த இதயம் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். கல்லீரல் ஏறத்தாழ 12 மணி நேரம், சிறுநீரகம் ஒரு நாள் வரை. கண்ணின் கருவிழியை இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் யாரும் கண் தானம் செய்யலாம்.

மூளைச்சாவு
1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு 6 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்த பிறகே மூளைச்சாவு என்று அறிவிக்க முடியும். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானம் செய்தார்கள். தமிழகத்தில் உறுப்பு தானம் வேரூன்றியது அதன் பிறகுதான். தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை என்ற அறிவிப்பு வந்தது 2023 செப்டம்பர் 23 அன்று.

விற்றால் குற்றம்
உறுப்பை விற்பதும் வாங்குவதும் தரகு பார்ப்பதும் 5 முதல் 10 ஆண்டு சிறைக்கும், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். கடனில் இருப்பவர்களைத்தான் தரகர்கள் தேடி வருகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முப்பது வயது தாண்டிய எல்லாரும் ஆண்டுக்கு ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் அல்புமின் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். காசு கிடையாது, அரை நாள் வேலைதான் கெடும். டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போகும்.